ஒரு கௌபாய் படமும் நான் கண்டுபிடித்த காமாலையும்

தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சிக்கலைப் பார்த்தாலும் ஒயரிங் கோளாறு என்றே தோன்றும். எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே முற்றியிருந்தது.

மின்துறையில் டிப்ளமா முடித்து, திருச்சுழிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் படக்கருவி இயக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். கிராமம் கிராமமாகப் போய்த் தொழு உரம், கோழி வளர்ப்பு என்று படம் காட்ட வேண்டும். பத்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் நல்ல அறிக்கை வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் சேலத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். பெண்கள் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

தொழு உரப் படத்துக்குக் கடைசியாக வந்தவர்கள் பதினோரு பேர் (அதில் நான்கு கைக்குழந்தைகள்). அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கூட்டமில்லேன்னா ரிப்போர்ட்டுல என்னத்தம்மா எழுத? முன்னாடி ஒரு குதிரைப் படத்தப் போட்டு ஆளச் சேருங்க. அப்புறமா உரத்தக் காட்டுங்க."

மதுரையில் ஒரு நூலகம் ஆங்கிலப் படச்சுருள்களை இரவல் கொடுத்தது. அங்கே ஒரு கௌபாய் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் பேசிய ஆங்கிலம், வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசியதுபோல இருந்தது; மூன்றில் ஒரு பங்குதான் புரிந்தது. ஆனால் கதை புரிந்தது. மழையில்லாத பூமி, முள்ளும் புழுதியுமாக, பந்தல்குடி ரோட்டைப் பெயர்த்து வைத்ததுபோல. அங்கே வெள்ளைக்காரர்களின் சின்ன ஊர் ஒன்று. அவர்களுடைய முரட்டுக் குதிரைகளைப் பழக்கிக் கொடுப்பவர் ஒரு செவ்விந்தியர். குதிரையைத் தொடலாம், ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது.

கதையைக் கேட்டதும் அதிகாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இத நாம படம் போடப்போற ஊர்ல மைக்குல சொல்லிப்புடாதீங்க. குதிரைய மட்டும் சொல்லுங்க."

அந்த ஊர், திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருந்தது. கரண்டு வசதியுள்ள பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பருத்தி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. அதன் முதலாளி சாவியைத் தந்தார், கூடவே ஒரு கேள்வியையும் தந்தார்.

"காலனி ஆளுகளும் வரட்டும், வேண்டாங்கல. ஆனா உள்ள எங்கிட்டு உக்கார வைப்பீக?"

என் வியாதி விழித்துக்கொண்டது. கிட்டங்கியின் நடுவில் கயிறு கட்டி வெள்ளைத் துணியைத் தொங்கவிட வேண்டியது. துணியை நனைத்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவி, பின்பக்கமும் படம் தெளிவாகத் தெரியும். ஊர்க்காரர்கள் முன்னால், காலனிக்காரர்கள் பின்னால். லோடு ஏற்றுகிற பின்வாசல் வழியாக அவர்கள் வந்து போகலாம். ஒரே கருவி, இரண்டு அரங்கம்! நோட்டில் ஒளிக்கதிர்ப் படமே வரைந்து வைத்தேன். பின்பக்கத்தில் இடமும் வலமும் மாறித் தெரியுமே என்பதற்கும் ஒரு குறிப்பு இருந்தது: "எழுத்து ஆங்கிலம். எப்படித் தெரிந்தாலும் பாதகமில்லை."

நான் செய்த காரியம் என்னவென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

துணியை நனைக்க நான்கு குடம் தண்ணீர் கேட்டேன். முதலாளியின் கிணற்றிலிருந்து உடனே வந்தது. அதே கிணற்றடியில் காலனிப் பெண்கள், யாராவது இறைத்து ஊற்றுவார்கள் என்று வெறும் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கிட்டங்கியைப் பெருக்கவும் வரும் இருளாயி அக்கா, சொன்னார்: "நாங்க விடியக்காலையில இருந்து நிக்கோம் தாயி. துணி இப்பத்தான் வந்துச்சு, நாலு கொடத்தக் குடிச்சிருச்சு."

நான் சிரித்துவிட்டு, என் சாமான் பட்டியலில் "தண்ணீர்" என்பதற்கு நேராக ஒரு டிக் போட்டேன்.

மூன்று மணிக்குக் காட்சி. ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்தோம். கூட்டம் நெருக்கியடித்தது. முதல் சுருள் முழுக்கக் குதிரைகள். துணியின் இரண்டு பக்கமும் விசில். நான் மைக்கைப் பிடித்து, "இதோ வருகிறார் குதிரைக்காரர்! அதோ பாய்கிறது கருங்குதிரை!" என்று கபடிப் போட்டி வர்ணனைபோல வெளுத்து வாங்கினேன். அதிகாரி கடைசி வரிசையிலிருந்து தலையாட்டினார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டாம் சுருளில் அந்தக் காட்சி வந்தது. ஓடிப்போன குதிரைகளையெல்லாம் மடக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் நா வறண்டு ஊருக்குள் வருகிறார் குதிரைக்காரர். கிணற்றை நெருங்கியதும் கடைக்காரர் ஒருவர் மறிக்கிறார். குவளையில் தண்ணீர் மொண்டு, கையை உயரத் தூக்கி ஊற்றுகிறார். குதிரைக்காரர் குனிந்து, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடிக்கிறார்.

கிட்டங்கியில் விசில் நின்றது. ஏதாவது சொல்லியாக வேண்டும். அதிகாரியின் கட்டளை ஞாபகம் வந்தது. மைக்கில் தெளிவாகச் சொன்னேன்:

"குதிரைக்காரருக்குக் காமாலை. தொற்றிக்கொள்ளும் என்பதால் தூக்கி ஊற்றுகிறார்கள்."

துணிக்குப் பின்னாலிருந்து இருளாயி அக்காவின் குரல் வந்தது.

"யாருக்குத் தாயி காமால?"

"குதிரைக்காரருக்குத்தான்க்கா." (மைக்கை அணைக்கத் தோன்றவில்லை. ஊருக்கே கேட்டது.)

"நல்லாத்தான அம்புட்டுக் குதிரையவும் ஓட்டியாந்தாக!"

பின்பக்கம் சிரித்தது. இன்னொரு குரல்: "அப்ப நம்ம தெரு முச்சூடும் காமாலதாம்லே!"

இப்போது முன்பக்கத்திலும் இரண்டு இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருளாயி அக்கா விடவில்லை. "தூக்கி ஊத்துனா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா தாயி? இன்னைக்கு மதியங்கூட அப்பிடித்தான குடிச்சேன்."

"ஏம்மா! நிறுத்தும்மா படத்த!" என்று முதலாளி எழுந்தார்.

நிறுத்தினேன். படக்கருவியில் முதலில் விளக்கை அணைக்க வேண்டும், பிறகுதான் மோட்டாரை. பயிற்சியின் முதல் நாள், முதல் பாடம். நான் மோட்டாரை மட்டும் அணைத்தேன். அசையாமல் நின்ற படத்தில் விளக்கின் சூடு இறங்கியது. ஏந்திய கைகளின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றி, கொப்புளித்து, பெரிய ஓட்டையாக விரிந்தது. புகை வந்தது.

"தீ! தீ!"

முன்வாசல் உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அதன்மேல் ஐம்பது பேர் விழுந்தால் எப்படித் திறக்கும்? கூட்டம் அப்படியே திரும்பி, அகலமான பின்வாசலைப் பார்த்து ஓடியது. நடுவில் இருந்தது என் துணி. கயிறு அறுந்தது. நான்கு குடம் தண்ணீர் குடித்திருந்த துணி, சரியாக முதலாளியின் மேல் விழுந்து அவரைச் சுற்றிக்கொண்டது. அவர் உள்ளேயிருந்து எல்லோரையும் திட்டினார். ஒருவரையும் அடையாளம் சொல்ல முடியாததால் வம்சத்தோடு திட்டினார்.

"செத்த சும்மா நில்லுங்கய்யா, முண்டாதீக" என்றபடி இருளாயி அக்காதான் துணியை உருவி, அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

தீயெல்லாம் இல்லை. கருகியது ஒரு சாண் படச்சுருள்தான். ஆனால் எல்லோரும் பின்வாசல் வெயிலில் கலந்துகட்டி நின்றார்கள். முதலாளி ஈரவேட்டியோடு வீட்டுக்கு நடந்தார். அதிகாரி என்னைப் பார்க்கவேயில்லை. நான் மனதுக்குள் சேலத்துக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களைப் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "சரி, அந்தக் குதிரைக்கார ஆளு என்னதாம்மா ஆனாரு?"

கதையின் முடிவு தெரியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போவதாக இல்லை. சுருளை வெட்டி ஒட்டினேன். கயிறு அறுந்துவிட்டதால் துணியைச் சுவரில்தான் ஆணியடிக்க முடிந்தது. சுவருக்குப் பின்பக்கம் கிடையாது. ஆகவே எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள், ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

நான் மைக்கை எடுத்தேன். இருளாயி அக்கா கையமர்த்தினார்.

"நீங்க மிசினப் பாருங்க தாயி. கதைய நான் பாத்துக்கிறேன்."

ஓர் ஆங்கில வார்த்தைகூடத் தெரியாமல் கடைசி வரை சொன்னார். பிறகு நூலகத்தின் கதைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. தொழு உரப் படத்துக்கு மட்டும் வழக்கம்போல ஆள் மிஞ்சவில்லை.

முதலாளி மனு கொடுத்தார். விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. பதினான்கு அம்சங்களில் பதில் எழுதினேன். ஒன்பதாவது: "காமாலை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு." அதிகாரி அதைப் படித்துவிட்டு நெடுநேரம் இருமினார். பிறகு அவராகவே அறிக்கை எழுதினார்: "எதிர்பாராத கூட்டம். கயிறு ஒன்று, படச்சுருள் ஒரு சாண் சேதம். இயக்குபவர் இனி மைக்கைத் தொடக் கூடாது." வேலை நிரந்தரமாயிற்று. சேலத்து மாப்பிள்ளைக்கு வேறு பெண் அமைந்தது.

அந்தக் கிணற்றடியில் எதுவும் மாறவில்லை. அடுத்த முறை போனபோதும் குடங்கள் அப்படியே காத்திருந்தன. துணியைப் பழையபடி நடுவில் கட்டச் சொன்னார்கள். "கயிறு இல்லீங்க" என்றேன். புதுக் கயிறு என் பெட்டிக்குள் இருந்தது. பட்டியலில் டிக் கூடப் போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவோம். ஆனால் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, யாராவது சாக்குச் சொன்னால் மட்டும் "காமாலையா?" என்று தமிழில் கேட்பார்கள். போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். காலனியில் பிறந்து வளர்ந்தவள். எங்களோடு இருக்கும் அத்தை அவளுக்கு மட்டும் ஒரு பழைய அலுமினிய டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். நான் அவசரமாக, "அதுதான் கொஞ்சம் பெரிய டம்ளர், அதனால..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து தம்பி கேட்டான்: "காமாலையாக்கா?"

அம்மா எழுந்துபோய் அந்த மோரை எங்கள் டம்ளரில் மாற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அலுமினிய டம்ளரில் எனக்கு ஊற்றினாள்.