தங்கள் ஜீப்பில் விஞ்ச் மாட்டிய விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். எனக்கு இடது கண் மட்டும் வீங்கியிருக்கிறது, அதன் காரணம் கீழே வருகிறது. தாங்களும் என் மகளும் அந்த ஊர்க் குளிரைச் சமாளித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். காபி ஏதாவது போட்டு வைத்துக்கொண்டு, முக்கியமாக உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தாங்கள் புறப்பட்ட அன்று ஜீப் சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க மாமா, போதும்" என்று சொன்னீர்கள். அந்த 'மட்டும்' என் காதில் நன்றாகவே விழுந்தது. நான்கு வாரம் அப்படியே செய்தேன். ஐந்தாவது வாரம் நம் எலெக்ட்ரீஷியன் வந்து, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் பேட்டரி செத்துப்போகும், நாலு கிலோமீட்டராவது ஓட்டுங்கள் என்றார். ஆகவே வண்டியின் நன்மைக்காகத்தான் வெளியே எடுத்தேன். ஏரிப் பக்கம் போனதும் வண்டியின் நன்மைக்காகத்தான். ஏரிக்குள் இறங்கியதற்குத்தான் என்னிடம் காரணம் இல்லை. மேலே பார்க்க மண் காய்ந்து வெடித்திருந்தது, அடியில் அல்வா மாதிரி இருந்தது. நாலு சக்கரமும் சுற்றும் வண்டி என்று தாங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, அதை நம்பி நானும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கதவைத் திறந்தபோது சேறு என் செருப்பு மட்டத்தில் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர்காரர் வந்து சங்கிலி போட்டு, வண்டியைப் பின்பக்கமாகத் தரதரவென்று இழுத்துக் கரையில் விட்டார். போகிற போக்கில் அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. "நாலு சக்கரமும் சுத்துது சார். நாலும் சேந்து குழி தோண்டுது. விஞ்ச் இல்லாம இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

விஞ்ச் என்றால் என்ன என்று அன்றுதான் விசாரித்தேன். வண்டியின் மூக்கில் மாட்டுகிற ஒரு மின்சார உருளை. அதில் சுற்றியிருக்கும் கயிற்றை இழுத்துப்போய் எதிரே ஒரு மரத்தில் கட்டிவிட்டு பொத்தானை அழுத்தினால், உருளை கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்டியைத் தானே சேற்றிலிருந்து தூக்கி இழுத்துவிடுமாம். தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாகத் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன் நான். எதை எது தூக்கும், எதை எது தூக்காது என்பதுதான் என் தொழில். ஆகவே நம்பவில்லை. நம்பாத காரணத்தால்தான் கடைக்கே போனேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் அத்தையும் கூட வந்தார். என்னைத் தடுக்கத்தான் வந்தார். கடையை நடத்துவது ஒரு அம்மா, கிரீஸ் கறை படிந்த கையோடு உட்கார்ந்திருந்தார். நான் விஞ்ச் என்று வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எடை என்ன சார்?" ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது மாப்பிள்ளை. இந்த ஆறு வருடத்தில் என்னைப் பார்த்து எடை கேட்ட முதல் மனுஷி அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலி வண்டியின் எடை வேண்டாம், சிக்கிக்கொள்ளும்போது உள்ளே என்னவெல்லாம் இருக்குமோ அதோடு சேர்த்து எடை போட்டு வாருங்கள், அதைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கிற விஞ்ச்தான் வேண்டும் என்றார். நேரே மரக்கடை எடைமேடைக்குப் போனோம். பழைய பயத்தில் எடைமேடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டேங்க் நிறைய டீசல், ஸ்டெப்னி, மண்வெட்டி, தண்ணீர் கேன், நான், உங்கள் அத்தை எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ. தன் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தை இறங்க மறுத்துவிட்டார். ஒன்றரை மடங்கு போட்டால் மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்து. அதற்கு அடுத்த அளவு நாலாயிரத்து முந்நூறு கிலோ இழுக்கிற விஞ்ச். அதையே எடுத்தோம்.

அந்த விஞ்ச்சை நான் எடை போட்டேன். இருபத்தேழு கிலோ. தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இருபத்தேழு கிலோ சாமான், தன்னைப் போல ஏறக்குறைய நூற்றறுபது மடங்கை இழுக்கிறது. பெட்டியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். உருளையில் கயிறு ஒரே ஓர் அடுக்காகச் சுற்றியிருக்கும்போதுதான் அந்த முழு பலம், அடுக்கு ஏற ஏறப் பலம் குறையுமாம். எந்தக் கடைக்காரனாவது தராசுக்கு இப்படி ஒரு சாக்கு சொல்லியிருந்தால் அன்றே சீல் வைத்திருப்பேன். இதையோ பணம் கொடுத்து வாங்கி, நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

கயிறு விஷயத்தில் அத்தைதான் முடிவு சொன்னார். நான் இரும்புக் கம்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் இருந்த செயற்கை நூல் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, துணி காயப்போடும் கயிறு மாதிரி இருக்கிறதே, இதுவா ஜீப்பை இழுக்கும் என்று கேட்டார். கடைக்கார அம்மா, "இழுக்கும்மா. அறுந்தா இது கீழ விழும். கம்பி அறுந்தா ஆளைத் தேடி வரும்" என்றார். அத்தை உடனே நூல் கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தடுக்க வந்தவர் வாங்க வந்தவராக மாறியது அந்த நிமிஷத்தில்தான்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வெல்டர், எல்லோரும் அவரைத் தீப்பொறி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பம்பரில் மாட்டினால் விஞ்ச் பம்பரைக் கழற்றிக்கொண்டு தனியாகப் போய்விடும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் தடித்த இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நியாயமாகப் பட்டது. தகடு உட்காருவதற்காகத் தங்கள் பம்பரின் நடுப்பகுதியை அறுக்க வேண்டியிருந்தது. சேஸிஸில் நான்கு துளைகள் போட வேண்டியிருந்தது. நம்பர் பிளேட்டை எங்கே மாற்றுவது என்று யாருக்கும் தோன்றவில்லை, இப்போதைக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் இரண்டு ஒயர் இழுத்து முடித்ததும், வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். நம் கேட் தூணில் கொக்கியை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். ஜீப் தூணை நோக்கிப் போகும் என்று எதிர்பார்த்தேன். மாப்பிள்ளை, தூண் ஜீப்பை நோக்கி நடந்து வந்தது. அவசரமில்லாமல், கேட்டையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. எனக்குப் பொத்தானிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்ட நேரம். வாய்க்கால் மேட்டுப் பாதையில் ஒரு சின்ன லாரி சறுக்கிவிட்டது என்று பால்காரர் சொன்னார். போய்ப் பார்த்தோம். பின்சக்கரம் இரண்டும் மேட்டுக்கு வெளியே, வாய்க்காலைப் பார்த்தபடி லாரி சாய்ந்து நின்றது. சுமை என்ன தெரியுமா, நூற்றிருபது தேனீப் பெட்டிகள். பூக்கும் இடம் தேடி ஊர் மாற்றிக்கொண்டு போகிறார் ஒருவர். சாய்ந்ததில் ஒரு பெட்டி உடைந்து, தேனீக்கள் வெளியே வந்துவிட்டன. நாற்பது பேர் கூடியிருந்தார்கள், நாற்பது பேரும் நூறடி தள்ளி. தள்ளிவிடலாம் என்று ஒருவர்கூட வாயெடுக்கவில்லை. தேனீக்காரர் முகத்தில் வலை போட்டுக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். அவர் விட்ட ஒவ்வொரு பெருமூச்சுக்கும் லாரி ஒரு விரற்கடை சரிந்துகொண்டிருந்தது. "வண்டி போனாப் போவட்டும் சார். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு ராணி இருக்கு. அதுங்க தண்ணியில போயிடும்" என்றார். பதினொரு வருடமாக அவர் வளர்த்த குடும்பங்களாம் அவை.

அவரிடம் இன்னொரு வலை இருந்தது. நான் மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு கிழிசல் இருந்ததை அவர் சொல்லவில்லை, அந்தக் கிழிசல் என் இடது கண்ணுக்கு நேரே இருந்தது. கயிற்றை இழுத்துப்போய் லாரியின் முன்கொக்கியில் மாட்டினேன். அத்தை ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இஞ்சினை ஓடவிட்டு, விஞ்ச்சின் பொத்தான் இருக்கும் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர் அவர் என்பது தங்களுக்குத் தெரியும். அழுத்தினார். லாரி அசையவில்லை, ஜீப்தான் சேற்றில் லாரியை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. சுமையோடு லாரி ஐந்து டன்னுக்குக் குறையாது என்று என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதற்குள் தேனீ கொட்டிவிட்டதால் கண் ஒன்றுதான் இருந்தது. பிறகு ஜீப்பின் பின்பக்கத்தை, விஞ்ச்சோடு வாங்கியிருந்த அகலப் பட்டையால் ஒரு பெரிய மரத்தோடு கட்டினேன். லாரிக் கொக்கியில் அதே கடையில் வாங்கிய ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பிக் கொண்டுவந்து ஜீப்பிலேயே மாட்டினேன். ஒரு கப்பி போட்டால் வேகம் பாதியாகும், பலம் இரட்டிப்பாகும் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். அறுந்தால் தாவாமல் இருக்கக் கயிற்றின் மேல் ஈரப் போர்வை ஒன்றைப் போட்டேன். அத்தை மறுபடி அழுத்தினார்.

கயிறு விறைத்து நின்றது. விஞ்ச்சின் ரீங்காரமும் தேனீக்களின் ரீங்காரமும் ஒரே சுருதியில் கேட்டன. நான் ஜன்னல் பக்கம் போய், "விட்டு விட்டு அழுத்து" என்று ஏதோ சொல்லப்போனேன். அத்தை என்னைப் பார்க்காமலே, "பேசாதீங்க. கயிறு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. லாரி ஒரு சாண் ஏறியது. நின்றது. இன்னொரு சாண். இருபது நிமிஷத்தில், ஐந்து டன் கனம், நூற்றிருபது ராணிகள், எத்தனை லட்சம் என்று யாருக்கும் எண்ணத் தெரியாத தேனீக்கள், எல்லாம் ஒரு விரல் தடிமன் கயிற்றில் தொங்கியபடி மேட்டுக்கு வந்து சேர்ந்தன. எடை என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது என்றே நினைக்கிறேன். இத்தனை வருடம் நான் படிக்கல்லைத்தான் பார்த்திருக்கிறேன்.

தேனீக்காரர் லாரி மேல் ஏறி, உடையாத ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். கடைசிப் பெட்டிவரை கேட்டுவிட்டு இறங்கி, "எல்லாம் இருக்குங்க" என்று அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை அவர் கவனிக்கவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. உடைந்த பெட்டியின் ராணி மட்டும் எங்கே என்று தேடினோம். அது சூடாக இருந்த விஞ்ச்சின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. அதன் குடும்பம் முழுவதும் பின்னாலேயே வந்து, தங்கள் ஜீப்பின் மூக்கில் பலாப்பழம் போலத் தொங்கியது. பொழுது சாயும்வரை காத்திருந்து, தேனீக்காரர் அவற்றைப் புதுப் பெட்டியில் அழைத்துக்கொண்டார். விஞ்ச்சில் இன்னும் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்கிறது. அத்தை துடைக்க விடமாட்டேன் என்கிறார்.

மாப்பிள்ளை, தங்கள் பம்பரை அறுத்ததற்கும், சேஸிஸைத் துளைத்ததற்கும், தங்களுக்குச் சொல்லாமல் செய்ததற்கும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன். கழற்று என்று ஒரு வார்த்தை எழுதினால் கழற்றிவிடுகிறேன். ஆனால் அந்த வார்த்தையைத் தயவுசெய்து அத்தையின் பெயருக்கு எழுதவும், எனக்குத் தைரியம் இல்லை. தாங்கள் பெரிய மனசுக்காரர், நம் வீட்டுப் பிள்ளை, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். என் மகளை ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒரு கண்ணால் எழுதும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மகள் போன் செய்ததால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஜீப் தங்களுடையதே இல்லையாம். தங்கள் மேலதிகாரி வெளியூர் மாற்றலாகிப் போகும்போது தங்களிடம் பார்த்துக்கொள்ளச் சொன்ன வண்டியாம். நான் தொடவே மாட்டேன் என்று நம்பித்தான் தாங்கள் அதைச் சொல்லவில்லையாம். வண்டிப் புத்தகத்தை நான் பார்த்தேன், எடை போட்டிருந்த வரியை மட்டும் படித்தேன், பெயர் போட்டிருந்த வரியைப் படிக்கவில்லை. அவர் வருகிற வியாழக்கிழமை வண்டியை எடுக்க நேரே இங்கேயே வருகிறாராம். இவ்வளவையும் மறுபடி எழுத நேரமில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை அப்படியே அவருக்கு அனுப்பிவிடவும். 'மாப்பிள்ளை' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஐயா' என்று திருத்திவிட்டால் போதும், மன்னிப்பு எல்லாம் சரியாகவே இருக்கிறது. 'நம் வீட்டுப் பிள்ளை' என்ற இடத்தை மட்டும் அடித்துவிடவும்.