துறைமுகத்து ஈயமும் தூய்மைச் சான்றிதழும்

துறைமுக ஆய்வகத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கப்பல் கழிவுநீரின் சோதனை முடிவு வருவதற்குள் கப்பல் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது.

இந்த ஒழுங்கைக் கெடுக்கவென்றே புதுக்கருவி ஒன்று வந்து சேர்ந்தது. தண்ணீரை ஊற்றினால் பத்தே நிமிடத்தில் ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடும். சோதனைக்காரம்மா காலையில் வந்த கப்பலின் கழிவுநீரை ஊற்றினார். அனுமதித்த அளவைப்போல எட்டு மடங்கு! அவர் புருஷன் வலை வீசுவது அந்தத் துறைமுகத்து வாயில்தான். பிடிக்கிற மீன் ஆறு வயது மகளின் தட்டுக்கும் ஆபீஸ் சாப்பாட்டு அறைக்கும் போகிறது. கப்பலோ மதியம் தொட்டியைத் திறந்துவிடப் போகிறது.

மேலதிகாரியிடம் ஓடினார். அவர் பதறவில்லை, சுற்றறிக்கையைப் புரட்டினார். கலக்கிற தண்ணீர், ஏற்கெனவே இருக்கிற தண்ணீரைவிட மோசமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி என்றார்.

"நம்ம தண்ணி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்கம்மா."

கப்பல்கள் தொட்டி திறக்கிற படிக்கட்டிலேயே வாளியை இறக்கி மொண்டு வந்தார். விதிப்படி அங்கேதான் மொள்ள வேண்டும். பதினொரு மடங்கு வந்தது.

"பாத்தீங்களா? கப்பல் நம்மளைச் சுத்தம் பண்ண வந்திருக்கு."

கப்பல் தலைவருக்குத் தூய்மைச் சான்றிதழோடு நன்றிக் கடிதமும் போனது. தொட்டி திறந்தது. அதன்பின் எந்தக் கப்பலும் சோதனையில் தோற்கவில்லை. ஈயமே இல்லாத கழிவுநீரோடு வந்த ஒரு கப்பலை மட்டும், எதையோ மறைக்கிறது என்று மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள்.

மாதம் ஒன்று போனது. மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. பெற்ற மனசு கேட்குமா? ஆபீஸ் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் ரத்தத்தில் ஈயம் பார்த்துவிட்டு, அதே சுற்றறிக்கையை எடுத்தார்.

"ஆபீஸ்ல எல்லார் ரத்தமும் பாத்தாச்சும்மா. பாப்பா சராசரிக்குக் கீழதான் இருக்கா. ஆரோக்கியம்னு எழுதிடறேன்."

"கொழந்த வலியில துடிக்கறா, டாக்டர்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே."

சோதனைக்காரம்மாவுக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்தது. வெளியே ரத்தச் சோதனைச் சீட்டு வாங்க ஆபீசே வரிசையில் நின்றது. சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் நிம்மதியாக மீன் சாப்பிடப் போனார்கள். மேலே இருந்தவர்களை வேலைக்குத் தகுதியில்லை என்பார்களாம். அவர்கள் கூடி, அளவை உயர்த்தச் சொல்லி மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து மேலதிகாரியுடையது.

மனு சோதனைக்காரம்மாவிடமும் வந்தது. அவர் தன் சீட்டை விரித்துப் பார்த்தார்; சராசரிக்கு மேலே. பிறகு மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.