தனக்காக ஓடிய பாண்டெலிஸ்

நெடுந்தூரம் ஓடுகிறவரைக் கண்டுபிடிக்க அவர் ஓடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவரே வந்து சொல்லிவிடுவார். கல்யாண விருந்தில் ஆட்டுக்கறித் தட்டை நாலு பேர் பார்க்கும்படி தள்ளி வைத்து, "வேணாம், நாளைக்கு ஓடணும்" என்பவர் இந்த ரகம். இழவு வீட்டில் துக்கம் விசாரித்த கையோடு முழங்காலைத் தடவிக்கொண்டு முனகி, செத்தவரின் தம்பி வாயாலேயே "நீங்க ஓடுவீங்களா?" என்று கேட்க வைப்பவரும் இதே ரகம்தான். எதற்காக ஓடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: "எனக்காக."

ஏதென்ஸில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பாண்டெலிஸ். போன ஈஸ்டர் விருந்துக்கு மைத்துனர் சோட்டிரிஸின் மாடி வீட்டுக்குப் படியேறிப் போனவர், வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சும்மா விடுவாரா சோட்டிரிஸ்?

"மாப்ளே, நீ மட்டும் மாரத்தான் ஊர்லேர்ந்து ஓடி பல்லினி மேட்டை ஏறி வந்துடு, என் கையாலயே உனக்கு ஆலிவ் கொத்து தர்றேன்!"

வருஷா வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிறு, மாரத்தான் என்ற ஊரிலிருந்து பல்லினி மேடு வழியாக ஏதென்ஸ்வரை நடக்கும் பந்தயத்தன்று வழியெல்லாம் ஜனங்கள் நின்று ஓடுகிறவர்களுக்கு ஆலிவ் கொத்து நீட்டுவது இங்கே வழக்கம். விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாண்டெலிஸும் சிரித்தார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. அந்த வாரமே ஓடுவதற்கு ஷூ வாங்கிவிட்டார்.

"சோட்டிரிஸா? அவன் கெடக்கான். நான் எனக்காக ஓடறேன்" என்று தெருவெல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே மனைவி எவாந்தியாவிடம், பல்லினி மேட்டில் எந்த வளைவு, எந்தக் காப்பிக் கடை, அவள் அண்ணனைச் சாலையின் எந்தப் பக்கம் நிறுத்தினால் வெயில் கண்ணில் படாது என்பதுவரை படம் போட்டே விளக்கினார்.

அந்த நவம்பர் ஞாயிறும் வந்தது. மேட்டின் அடிவாரத்தில் பாண்டெலிஸ் ஓடவில்லை, நடந்தார். அதையும் நடை என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு காலிடமும் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் காப்பிக் கடை கண்ணில் பட்டதும் பார்க்க வேண்டுமே! தொப்பை உள்ளே போனது, நெஞ்சு நிமிர்ந்தது, முகத்தில் அலட்சியமாக ஒரு புன்னகை வந்து உட்கார்ந்தது. கடையைத் தாண்டி ஓடினார்.

சோட்டிரிஸ் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்காரரோடு கால்பந்துச் சண்டையில் இருந்தார். எவாந்தியா உள்ளே காப்பி வரிசையில் நின்றாள். யாரும் பார்க்கவில்லை.

தனக்காக ஓடுகிறவர் என்ன செய்வார்? மேலே ஓடுவார். பாண்டெலிஸ் வளைவில் நின்றார். திரும்பினார். "ஐயா, இந்தப் பக்கம்! தப்பாப் போறீங்க!" என்று எதிரே வந்தவர்கள் கத்தக் கத்த, ஓரமாகவே கீழே இறங்கினார். பாதி உயிரை விட்டு ஏறிய மேட்டை, மீதி உயிரை வைத்து மறுபடி ஏறினார். இந்த முறை கடை வந்ததும் பலமாக இருமவும் செய்தார்.

சோட்டிரிஸ் திரும்பினார். "அட, இப்பத்தான் வர்றியா மாப்ளே? ரொட்டிக்கடைக் கிழவர் மிஹாலிஸே அப்பவே போயிட்டாரே!"

பாண்டெலிஸ் வாயைத் திறந்தார். நானும் அப்பவே போயிட்டேன் என்று சொல்லலாம்தான். அப்புறம் ஏன் திரும்பி வந்தே என்று கேட்பானே! வாயை மூடிக்கொண்டு ஆலிவ் கொத்தை வாங்கிக்கொண்டார்.

எவாந்தியா காப்பியும் கையுமாக ஓடி வந்தாள். "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சே! யாருக்காகய்யா இந்தப் பாடு?"

"எனக்காக" என்றார் பாண்டெலிஸ்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் ஓடுகிறவர் இல்லை, நல்லது. ஏதோ மனத்திருப்திக்கு நாலு செடி வளர்க்கிறீர்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் இன்னும் வெளியே வரவில்லையே என்று, நனைந்த செடிக்கே இன்னொரு குடம் ஊற்றினீர்களே, அதை மட்டும் யார் தாகத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.