பாப்பா அக்காவின் மழைக்கால யோசனை

“மெழுகுவர்த்தியா? நல்லா பாத்தியா? வெள்ளை முள்ளங்கியா இருக்கப் போவுது.”

“முள்ளங்கிக்குத் திரி இருக்குமா, மச்சான்? நேரா என் பேருக்கு முன்னாடி வச்சிருக்கான். கீழ ரெண்டு பூ வேற.”

நூஹு மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து பார்த்தார். கத்தரிப் பாத்தியின் தலைப்பக்கம், ‘சவரிநாதன்’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பலகை. அதன் அடியில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று ஈரமண்ணில் நேராக நின்றது.

“யாருக்கோ உன் மேல ரொம்பப் பாசம்லா,” என்றார் நூஹு. “கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, அவ்வளவுதான்.”

சவரிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பொதுத்தோட்டம். முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்த நிலம். வீடு கட்டியது போக மிஞ்சிய மூலையைக் குடியிருப்பாளர்களுக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நூஹு தன் சாப்பாட்டுக் கடையின் நெய்ச்சோற்றில் வாசனைக்குப் போடப் பண்டான் இலை வளர்த்தார். சவரிநாதன் கத்தரி போட்டார். ஜன்னல் இல்லாத ஒரு கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கைபட்டு முளைத்த முதல் உயிர் அந்தக் கத்தரிதான். தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

யோசனை சொல்ல பாப்பா அக்கா இருந்தார். முழங்கால் வலியால் மூன்றாவது மாடியைவிட்டு அவர் இறங்குவதில்லை. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தப் பருவத்தில் எதை நடுவது, எதற்கு என்ன உரம் என்று வாட்ஸ்ஆப் குழுவில் குரல் பதிவாக அனுப்புவார். சவரிநாதன் முதன்முதலாக மண்வெட்டியை ஓங்கியபோதும் தொலைபேசி அடித்தது.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம், தம்பி. இன்னும். ஆ, அங்கதான். கிழக்கு மேற்கா வெட்டு, வெயில் சமமா விழும். ஒரு ஆள் படுக்கிற நீளம் போதும்.”

நூஹுவிடமும் பண்டானை எடுத்துவிட்டு மேடு கட்டச் சொன்னார். “பண்டானுக்கு எதுக்கு மேடு? அது சேத்துலயே சிரிச்சுக்கிட்டு வளரும்,” என்று நூஹு மறுத்துவிட்டார். சவரிநாதன் எதையும் மறுப்பதில்லை.

மெழுகுவர்த்தி விஷயத்தையும் பாப்பா அக்காவிடமே சொன்னார்.

“அத விடு. மழை தொடங்கிருச்சு, பாத்தி தாழ்வா இருக்கு. அதான் கண்டவங்க கால் வைக்கிறாங்க. மண்ணைக் கூட்டி மேடாக்கு. சுத்தி கல்லு வை. யாரும் கிட்ட வர மாட்டாங்க.”

மண்ணைக் கூட்டும்போது ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்று கிடைத்தது. உள்ளே மெழுகு மாதிரி ஏதோ உறைந்திருந்தது.

“எஸ்டேட் நிலத்துல மங்கு கிடைக்காம வேற என்ன கிடைக்கும்? தலைமாட்டுலயே வச்சிரு, தம்பி,” என்றார் பாப்பா அக்கா.

அடுத்த மெழுகுவர்த்தி அந்த மங்குக்குள்ளேயே இருந்தது.

“காத்துல அணையாம இருக்க வசதி பண்ணிக் குடுத்திருக்க,” என்றார் நூஹு. “எனக்குத் தெரிஞ்சு பிரச்சினை உன் பேருதான். பலகையைப் பிடுங்கிப் போடு.”

பிடுங்கினார். அன்று பெய்த மழையில் மேடு நடுவில் ஒரு சாண் உள்ளே இறங்கியது. பக்கத்துப் பாத்திகள் அப்படியே இருந்தன. கீழிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல இந்த ஒன்று மட்டும் குழிந்திருந்தது. குழியில் ஒரு சிறு பூமாலை கிடந்தது. பூவைத் தேடி நத்தைகள் வந்திருந்தன.

“நத்தைக்குச் சுண்ணாம்பு,” என்றது குரல் பதிவு. “கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சிரு. ஓரத்துல செண்டுப்பூ நடு. அங்கேயே பூ இருந்தா, வெளியாளு எதுக்குப் பூ கொண்டு வரப்போறான்?”

அது சரியாகத்தான் பட்டது. இறங்கிய மண்ணை நிரப்பினார், வெள்ளையடித்தார், செண்டுப்பூ நட்டார். மறுநாள் மங்கில் புது மெழுகுவர்த்தி. மலையடிவாரத்து மூடுபனிக்குள் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் ஒருவரும் இல்லை. கத்தரிக்காய்கள் மட்டும், தொட்டால் மென்சூடாக, எப்போதையும்விடப் பெரிதாக, பளபளவென்று தொங்கின.

“காக்கா விரட்டுற பொம்மை ஒண்ணு வைடா,” என்றார் நூஹு. “மனுசனும் பயப்படுவான்.”

இரண்டு கம்புகளைக் குறுக்காகக் கட்டி, பழைய சட்டையை மாட்டி, தலைப்பக்கம் ஊன்றினார் சவரிநாதன். உடனே தொலைபேசி அடித்தது.

“சட்டை வேணாம், தம்பி. நனைஞ்சா நாறும். கம்பு போதும்.”

சட்டையைக் கழற்றிவிட்டார்.

கணவர் ஏன் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறார் என்று பார்க்க வந்த கெர்ட்ரூட், வேலிக்கதவிலேயே நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஆண்டவரே. இது யாருது?”

“நம்ம கத்தரிதான்.”

கெர்ட்ரூட் வெள்ளைக் கற்களைப் பார்த்தார், செண்டுப்பூவைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். பிறகு கணவரைத் தலைமுதல் கால்வரை அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

“நீளம்கூட சரியா இருக்குங்க.”

“பாப்பா அக்கா சொன்னாங்க...”

“எந்த அக்கா சொன்னா என்ன? உங்களுக்கு நீங்களே கட்டி வச்சிருக்கீங்க. இதுல காய்ச்சது என் குசினிக்குள்ள வராது. கல்லறைத் திருநாளு வருது. அன்னைக்கும் மெழுகுவர்த்தி இருந்துச்சுன்னா, பாத்தியைத் திருப்பிக் குடுத்திருங்க. இல்லன்னா நான் தைப்பிங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

அவர் போன பிறகு சவரிநாதன் வெகுநேரம் செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இலைகள் அசையாமல் இருந்தன, ஏதோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

கல்லறைத் திருநாளன்று பிற்பகல் மழை விட்டதும் இரண்டு நண்பர்களும் காவல் இருந்தார்கள். சவரிநாதன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நூஹு இடுப்பளவு பண்டானுக்குள் குந்தியிருந்தார்.

“மச்சான்,” என்று கிசுகிசுத்தார் நூஹு, “காலு உள்ள போவுது.”

“சேறுலா. சும்மா இரு.”

“சேறு குளிரா இருக்கும். இது சூடா இருக்குடா.”

வேலிக்கதவு கிறீச்சிட்டது. குடையோடு ஓர் இளம்பெண் வந்தாள். நேராகக் கத்தரிப் பாத்திக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மங்குக்குள் நிறுத்தினாள். குறுக்குக் கம்பைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

சவரிநாதனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பயம் போன வேகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாவம், பாத்தியைப் பார்த்துக் கல்லறை என்று ஏமாந்திருக்கிறாள்! ஏமாறாமல் என்ன செய்வாள்? கெர்ட்ரூடை இப்போதே கூட்டிவந்து காட்டவேண்டும். தன் கத்தரி பிழைத்தது.

அவர் தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

“பயப்படாதம்மா. உன் பேரு என்ன?”

“கிறிஸ்டின், அங்கிள். கமுந்திங்ல இருந்து வாரேன். ஃபேக்டரில லீவு கிடைக்கிற அன்னைக்கெல்லாம் வருவேன்.”

“அவ்வளவு தூரத்துல இருந்தா? அடடா. தப்பா நினைச்சுக்காத, இது கல்லறை இல்லம்மா. பாத்தி. பாரு, கத்தரிக்காய். நான்தான் நட்டேன். சவரிநாதன்னு பலகை வச்சிருந்தது நான்தான். உயிரோடதான் இருக்கேன்!”

பண்டானுக்குள்ளிருந்து நூஹு வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள்.

“தெரியும் அங்கிள். நீங்க ஒருத்தர்தான் சொன்னதை அப்படியே செய்யிறீங்கன்னு பாப்பா அக்கா சொன்னாங்க.”

சவரிநாதன் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மாடி ஜன்னலில் பாப்பா அக்கா கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

“எதை... அப்படியே செய்யிறேன்?”

கிறிஸ்டின் பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பண்டானுக்குள் முழங்கால்வரை இறங்கியிருந்த நூஹுவைப் பார்த்தாள்.

“புல்டோசர் சிலுவையெல்லாம் தள்ளிட்டுப் போனப்புறம், இங்க யார் எங்க படுத்திருக்காங்கன்னு பாப்பா அக்காவுக்கு மட்டும்தான் அங்கிள் தெரியும், எங்க பெரியப்பாவுக்கு நீங்க கட்டிட்டீங்க, பெரியம்மா அந்த அண்ணன் நிக்கிற இடத்துலதான் இருக்காங்க, அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அங்கயும் ஒரு மேடு கட்டித் தர்றீங்களா?”