பதினான்கு நாள் நல்லவன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமா இல்லையா என்பதை எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் கைப்பேசி உங்களுக்குச் சொல்லியிருக்கும், ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புகார் இல்லை. மாப்பிள்ளைமேல் புகார் சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. வெறும் புலம்பல்தான்.

வீட்டுச் சுவர்களில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன ஏழு வெள்ளைப் பெட்டிகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. கூடத்தில் இரண்டு, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, நடையில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று. ஏழாவது எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மணிக்கட்டில் நீங்கள் கட்டிவிட்ட பட்டையையும் கழற்றவில்லை. இதெல்லாம் சேர்ந்து கணினிக்குள் என்னைப் போலவே ஒரு ஆளை உண்டாக்கும், நான் எப்படி எழுகிறேன் நடக்கிறேன் பேசுகிறேன் என்று முதல் பதினான்கு நாளில் கற்றுக்கொள்ளும், அதன்பிறகு நான் அந்த ஆளிடமிருந்து எவ்வளவு விலகுகிறேன் என்று பார்த்து, எப்போது தடுமாறுவேன், எப்போது துணை வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும், கடைசிக் காலம் நிம்மதியாகக் கழியும் என்று நீங்கள் படம் போட்டு விளக்கினீர்கள். நானும் தலையாட்டினேன். அங்கேதான் வந்தது வினை.

அந்தப் பதினான்கு நாளும் நீங்கள் எங்கள் வீட்டில் அல்லவா தங்கியிருந்தீர்கள்! மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது மாமனார் பட்டப்பகலில் வாயைப் பிளந்து குறட்டை விட முடியுமா? விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தெருமுனை வரை நாலு நடை நடந்தேன். குனிந்து கால் பெருவிரலைத் தொட்டேன், நிமிர்வதற்குச் சன்னலைப் பிடித்துக்கொண்டதை நீங்கள் பார்க்கவில்லை. குடித்த டம்ளரை நானே கழுவி வைத்தேன். என் மனைவி ஓரமாகக் கூப்பிட்டு, "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். சாப்பிட்ட பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தங்கைகளைப் பற்றிக்கூட விசாரித்தேன், நாங்கள் ஒற்றுமையான தம்பதி என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? கடைகளில் தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக இருக்கிறதா என்று முப்பத்தோரு வருஷம் சோதித்த ஆய்வாளர் நான். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் எந்தத் தராசும் நேராகத்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? அதே வேலையை நானே செய்தேன். உங்கள் கார் தெருவைத் தாண்டிய மறு நிமிஷம் சாய்வு நாற்காலியில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்தபாடில்லை.

மறுநாளே மகள் தொலைபேசியில் அழ ஆரம்பித்தாள். "அப்பா, நடை எழுபது சதவீதம் கொறைஞ்சிருக்கு, கால் வலியா, மறைக்காம சொல்லுங்க." அதற்கு மறுநாள் மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், மூன்று மணி நேரம் அசைவில்லை என்று பெட்டி சேதி அனுப்பிவிட்டது போலிருக்கிறது, கண் விழித்தபோது என்னை ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார்கள், எதிர்வீட்டு வாத்தியார் கைகட்டித் துக்கமாக நிற்கிறார். மானம் போயிற்று. சரி, நடையைக் கூட்டிக் காட்டுவோம் என்று பட்டையைக் கழற்றி, இப்படியும் அப்படியும் திரும்புகிற மேசை மின்விசிறியின் தலையில் கட்டினேன். அன்றைக்கு வந்த அறிக்கையை நீங்களே படித்திருப்பீர்கள். நாடித்துடிப்பு இல்லை, ஆனால் வேகமாக நடந்துகொண்டிருக்கிறார். மறுபடியும் ஸ்ட்ரெச்சர், மறுபடியும் வாத்தியார். அப்புறம் ரோஷம் வந்து நிஜமாகவே ஐந்து மணிக்கு எழுந்து நடந்தேன். நாலாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்தவன் ஒரு வாரம் எழவில்லை. கணினி போடுகிற வரைபடத்தில் என் கோடு இன்னும் கீழே போயிற்று.

என் மனைவிக்கும் ஒரு பட்டை கட்டிவிட்டுப் போனீர்களே, அவள் கோடோ ஆணி அடித்த மாதிரி நேராக இருக்கிறதாம். இருக்காதா? நீங்கள் வந்தபோதும் வேலை செய்துகொண்டிருந்தாள், போன பிறகும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். எனக்கோ பேச்சும் குறைந்துவிட்டதாம், நாளுக்கு எழுபத்திரண்டு நிமிஷம் பேசியவர் இப்போது நாலு நிமிஷம்தான் பேசுகிறார், மனச்சோர்வாகவோ மறதியாகவோ இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை, கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். "சாப்பாடு ஆச்சா", "கண்ணாடி எங்க", "கதவைச் சாத்து". இதற்கு நாலு நிமிஷம் தாராளம். இது நோய் இல்லை, தாம்பத்தியம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சொல்லிவிட்டாள். "அப்பா, இந்தக் கணக்குப்படி மூணே மாசத்துல நீங்க படுத்துடுவீங்க, அம்மாவால தனியா உங்களைத் தூக்க முடியாது. பராமரிப்பு இல்லத்துல ரூம் சொல்லிட்டோம். நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை கார் வரும். அம்மா வீட்லயே இருக்கட்டும், அவங்க நல்லாத்தானே இருக்காங்க." எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கமே வராது. அந்த இடத்தில் நான் என்ன செய்வேன்? தயவுசெய்து கணினிக்குள் இருக்கும் அந்தச் சுறுசுறுப்பான ஆளை அழித்துவிடுங்கள். அவர் நான் இல்லை. இந்தச் சோம்பேறியை முதலிலிருந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், பதினான்கு நாள் எதற்கு, ஒரு மதியம் போதும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். கோடுகள் ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் இருவரும் நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உள்ளது உள்ளபடி ஒப்புக்கொண்ட
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தாள். "அப்போ அந்தப் பதினாலு நாளும் மாப்பிள்ளைக்காகத்தான் எங்கிட்டப் பேசினீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். உள்ளே போய்ப் பரண்மேலிருந்த துணிப்பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். "நீங்க இங்கயே இருங்க, உங்களுக்கு நாற்காலி இருக்கு. அந்த ரூமுக்கு நான் போறேன். அங்க சாப்பிடுற எடத்துல எட்டு பேர் ஒண்ணா உக்காந்து பேசுவாங்களாம்" என்கிறாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கணினி சொல்வதுதான் சரி, நான் சரிந்துகொண்டுதான் இருக்கிறேன், என்னை அனுப்பிவிடுங்கள். அந்த அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்குமா என்று மட்டும் திங்கட்கிழமைக்குள் விசாரித்துச் சொல்லுங்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.