பம்புக்குப் போட்ட ஸ்வெட்டர்

ஷூலன்பர்க், டெக்சஸ்
வியாழக்கிழமை, மத்தியானம்

என் மனைவியின் கூடப்பிறந்தவரும், உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும் சூரருமான மச்சான் டொர்வால்டு அவர்களுக்கு, வெல்டன் குபேனா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை கேரினும் கைவிரல், கால்விரல், மூக்குநுனி எதிலும் குறைவில்லாமல் சௌக்கியம். அங்கே மினசோட்டாவில் நீங்களும் உங்கள் மனைவி ஆர்டிஸ் அக்காவும் சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. எங்களுக்குக் கொசு எப்படியோ அப்படி உங்களுக்குக் குளிர், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது.

நன்றிக் கடிதம் எழுதி முடிக்கும்வரை எனக்குச் சாப்பாடு கிடையாது என்று கேரின் சொல்லிவிட்டாள். போனில் சொல்லிவிடலாம் என்றால் போன் செத்துக் கிடக்கிறது, அதற்கு உயிர் கொடுக்கக் கரண்டு இல்லை. ஜன்னலோரம் கையுறை போட்ட கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது உங்கள்மேல் மரியாதைக் குறைவால் அல்ல.

கேரினின் முழங்கால்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையில் அவளுக்குக் கைத்தடி இல்லாமல் சமையலறைகூட அடுத்த ஊர்தான். ஆனால் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் போதும், தடி கரையில் கிடக்கும், அவள் பாட்டுக்கு நடப்பாள், திரும்புவாள், என்னைத் திட்டிக்கொண்டே பின்பக்கமாகவும் நடப்பாள். மார்ச்சில் வெயில் ஏறியதும் இறங்கிவிட வேண்டும், இந்த வருடம் விட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கால்கள் பேச்சுக் கேட்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் மச்சான், அந்தக் குளத்தை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது வேறு விஷயம்.

போன வாரம் டிவியில் வானிலை சொல்லும் ஆள் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவர் கையை மடித்தால் எங்கள் ஊர்க் கடைகளில் ரொட்டியும் பாலும் மாயமாகிவிடும். "மனுசங்க, வளர்ப்புப் பிராணிங்க, குழாய், செடி, இந்த நாலையும் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "வீட்ல நீச்சல் குளம் வச்சிருக்கிறவங்க பம்ப நிறுத்தாம ஓட விடுங்க, ஓடுற தண்ணி உறையாது" என்றார். குளிர் அடித்தால் தானாகவே ஓடுகிற மாதிரி எங்கள் பம்பில் ஒரு வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டேன். பம்பு ஓடியது. எனக்கு ஒரே பெருமை. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பம்பையும் குழாய்களையும் போர்த்தி வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம், நானும் பீரோவைத் திறந்து கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். என் வேட்டைக் கோட்டு, பள்ளிக் கால்பந்து அணியின் கம்பளி, கிறிஸ்துமஸ் மரத்தடியில் விரிக்கும் துணி எல்லாம் குழாய்களுக்குப் போயிற்று. கேரின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"வெல்டன், டிவியில நாலுதான் சொன்னாங்க. நீ அஞ்சாவது ஒன்னச் சேத்துக்கிட்டு முதலாவத மறந்துடாத. மனுசி நான் உள்ள குளிர்ல உக்காந்திருக்கேன்."

"இதோ வந்துட்டேன் கேரின்."

"அந்தப் பம்பு மேல இருக்குறது ஆர்டிஸ் எனக்குப் பின்னி அனுப்புன ஸ்வெட்டர்தானே?"

"நீ ஒரு நாள்கூடப் போடலியே."

"இந்த ஊர் வெயில்ல அதப் போட்டா வெந்து போயிருப்பேன். இப்ப எனக்கு வேணும்போது பம்பு போட்டுக்கிட்டு நிக்கிது."

ஆர்டிஸ் அக்காவிடம் தயவுசெய்து சொல்லுங்கள், ஸ்வெட்டர் பம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கழுத்து வழியாகக் குழாய் வெளியே வந்தது, கைகள் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டேன். அவர் கைவேலைக்கு என் மனமார்ந்த நன்றி.

திங்கட்கிழமை விடிந்தபோது கரண்டு போய்விட்டது. எங்கள் தெருவில் மட்டுமல்ல, ஊரிலேயே இல்லை. ஓடுகிற தண்ணீர் உறையாது, சரி. ஓடாத தண்ணீரை என்ன செய்வது என்று அந்த டிவி ஆள் சொல்லவில்லை, இப்போது கேட்கலாம் என்றால் டிவியும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் பேசியதை இங்கே எழுதுவது உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. அந்த நேரத்தில் உங்கள் குரலைக் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று காட்டத்தான்.

"வெல்டன், நெசமாவே கேக்குறேன். இந்தக் குளிர்ல பம்புல தண்ணிய வச்சிருக்கியா?"

"ஓடுற தண்ணி உறையாது மச்சான்."

"இப்ப ஓடுதா?"

"கரண்டு இல்லாம எப்படி ஓடும்?"

"அப்புறம்?"

"அதத்தான் உங்களக் கேக்குறேன்."

நீங்கள் இரண்டு தடவை இருமினீர்கள். சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னீர்கள்: "எங்க ஊர்ல செப்டம்பர்லயே எல்லாத்தையும் வடிச்சுக் கழட்டிக் குளத்த மூடிடுவோம். நீயும் வடிச்சுடு. பம்புக்கு அடியில திருகு இருக்கும். அதக் கழட்டுனா உள்ள இருக்குற தண்ணி வெளிய வந்துடும். தண்ணி இல்லன்னா உறையறதுக்கும் ஒன்னுமில்ல, வெடிக்கிறதுக்கும் ஒன்னுமில்ல."

மச்சான், அந்தப் பம்போடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதற்கு அடியில் திருகு இருப்பது அன்றுதான் தெரிந்தது. சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் நான் டெக்சஸ்காரன். குளிருக்குப் பயந்து தண்ணீரைத் திறந்துவிட்டுச் சரணடைய மனசு ஒப்பவில்லை. நெருப்பால் ஆகாதது என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஓக் விறகு போட்டு இறைச்சியைப் புகையில் வேகவைக்கிற என் பெரிய இரும்பு அடுப்பு, சக்கரம் வைத்தது, நீங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது அதைப் பார்த்து ரயில் எஞ்சினா என்று கேட்டீர்களே, அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பம்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் பற்றவைத்தேன். பொழுதுக்கும் ஒரே சீராகச் சூடு தரும், பம்பும் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்கு. ஆனால் அடுப்பை வெறுமனே எரிப்பது எங்கள் பக்கத்தில் பாவம். அதனால் கரண்டு போன ஃப்ரீசரிலிருந்து பெரிய நெஞ்சுக்கறித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, உப்பும் மிளகும் தடவி உள்ளே வைத்தேன்.

அங்கேதான் வினை. கறி உள்ளே போய்விட்டால் எங்கள் ஊர் ஆளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. புகை வெள்ளையாக வருகிறதா, நீலமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு லூப்பே அரெடோண்டோ, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, ஓக் சரியில்லை, கருவேல விறகுதான் போட்டிருக்க வேண்டும் என்றார். விட்டுக்கொடுக்க முடியுமா? விவாதம் சூடாகவே நடந்தது. வேறெதுவும் சூடாகவில்லை. வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசியதில் அடுப்பின் அனல் முழுவதும் லூப்பே வீட்டு வேலிக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்பு வடக்குப் பக்கம் நின்றது.

"நல்ல கதகதப்பா இருக்கு வெல்டன், ரொம்ப நன்றி" என்று லூப்பே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் ஆர்டிஸ் அக்காவின் ஸ்வெட்டர்மேல் பனி பூத்திருக்கிறது.

கேரின் தடியை ஊன்றிக்கொண்டு அந்த வழுக்கலில் வெளியே வந்துவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று என் உயிர் போய் உயிர் வந்தது. உட்காரு என்று நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவள் தன் போனில் மறுபடி உங்களைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அண்ணா, இவர் திருகக் கழட்டல. கறி வேக வச்சுக்கிட்டிருக்கார்."

"என்ன கறி?" என்றீர்கள்.

மச்சான், அந்த ஒரு கேள்விக்காகவே உங்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு நான் தரையில் படுத்தேன். திருகைச் சுற்றி ஐஸ் கட்டியிருந்தது, குறடு போட்டாலும் அசையவில்லை. வெந்நீர் ஊற்று என்றீர்கள். வெந்நீருக்கு எங்கே போவது? சூடாக இருந்தது ஒன்றே ஒன்று, லூப்பே தன் கேஸ் அடுப்பில் போட்டு, கேரினுக்கென்று ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காபி. நான் கேரின் முகத்தைப் பார்த்தேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காபி எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

"பாக்காத, ஊத்து" என்றாள். "ஆபத்துக்குப் பாவமில்ல. ஆனா நான் கண்ண மூடிக்கிறேன்."

காபி இறங்கியது, திருகு அசைந்தது, கழன்றது. உள்ளே இன்னும் உறையாமல் இருந்த தண்ணீர் முழுக்க என் சட்டைக் கைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நான் போட்ட சத்தத்தைக் கேட்டு நீங்கள், "சத்தம் கேக்குதுன்னா வடியிதுன்னு அர்த்தம்" என்றீர்கள். நீங்கள் சொன்ன மற்ற திருகுகளும் கழன்றன. பம்பு காலி. கேரின் கைதட்டினாள். அதற்குப் பிறகும் நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள், "வெல்டன், முக்கியமா" என்பது வரைக்கும் கேட்டது, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எல்லாரையும் கேட்டதாகச் சொல் என்றுதான் சொல்ல வந்திருப்பீர்கள். சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் ஊரில் குழாய்த் தண்ணீரும் நின்றுவிட்டது. குடிக்கப் பாட்டில் இருந்தது, கழிப்பறைக்கு ஊற்றச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் குளத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் பாளம். கேரின் கரையில் நாற்காலியில் உட்கார்ந்து தடியால் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். பாளம் விரிந்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சின்ன வயதில் ஏரியில் உங்களோடு ஆடியது ஞாபகம் வந்துவிட்டதாம். தெருவே வாளியோடு வந்தது. நான் மொண்டு மொண்டு ஊற்றினேன். வாளி நிரம்புகிற நேரத்தில் லூப்பே ஆளுக்கொரு துண்டு கறியை ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். இதுவரை எங்கள் குளத்தைப் பார்த்து, வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள்கூட, "மிஸ் கேரின், உங்க குளம் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அப்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஐஸ் தெறித்ததால் அல்ல. வெளியில் சொல்லாதீர்கள்.

ஆகவே மச்சான், குளம் பிழைத்தது, பம்பு பிழைத்தது, உங்கள் தங்கை மார்ச்சில் நடப்பாள். எல்லாம் உங்கள் புண்ணியம். உங்கள் ஏரியில் மீன் பெருகட்டும், உங்கள் காலுறைகள் நனையாமல் இருக்கட்டும், கடவுள் உங்களையும் ஆர்டிஸ் அக்காவையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
வெல்டன் குபேனா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கரண்டு வந்துவிட்டது. தெருவெல்லாம் ஒரே கைதட்டல். குளத்துப் பக்கம் என்னவோ கத்துகிறது. பூனையாக இருக்கும். பார்த்துவிட்டு வந்து முடிக்கிறேன்.

அண்ணா, கேரின் எழுதுறேன். பூனை இல்ல, பம்பு. திருகெல்லாம் கழட்டுனமே தவிர, அதோட சுவிட்ச யாரும் அணைக்கல. குளிருக்குத் தானா ஓடுற வசதி இருக்குல்ல, கரண்டு வந்ததும் தானா ஓடிடுச்சு. உள்ள சொட்டுத் தண்ணி கிடையாது. வெல்டன் ஓடிப்போயி அணைக்குறதுக்குள்ள புகைஞ்சு, ஸ்வெட்டரோட சேந்து உருகிப் போச்சு. மேல அவர் எழுதியிருக்குற நன்றியெல்லாம் அப்படியே வச்சுக்கோ, பம்பப் பத்தி எழுதுனத மட்டும் அடிச்சுடு. அவர் இன்னும் அதுக்குப் பக்கத்துலயே நிக்கிறார். நான் ஒன்னும் திட்டல. திட்டாததப் பாத்துத்தான் ரொம்பப் பயந்து போயிருக்கார்.

இந்தப் பக்கம் பூரா பம்பு வெடிச்சுக் கிடக்கு, புதுசு வர கோடை முடிஞ்சுடும்ங்கிறா லூப்பே. உங்க ஊர்ல ஜூன் வரைக்கும் குளத்தத் திறக்கமாட்டீங்கல்ல. உன் பம்பு கராஜுல சும்மாதானே கிடக்கும். எடுத்துக்கிட்டு வா. பார்சல்ல போடாத, நீயே வா. கல்யாணத்துக்கு வந்ததுக்கு அப்புறம் நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே இல்ல. வெல்டன்கிட்ட நான் தைரியமாத்தான் பேசிக்கிட்டிருக்கேன், ஆனா எனக்குப் பயமா இருக்கு. நான் நடக்கணும் அண்ணா.