ஆல்வினை டிராப் பண்ணப் போன கதை

நம் நாட்டு ஹாக்கி அணி எந்த ஆட்டத்தில் தோற்றாலும், அது தோற்கப் போகிறது என்பது எங்கள் பேட்டையான காக்ஸ் டவுனில் ஒரே ஒருவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தால் காக்ஸ் டவுன் முழுவதற்கும் தெரிந்த மாதிரி. காற்று வாட்டமாக அடித்தால் தள்ளியிருக்கிற தொம்மலூர்க்காரர்களுக்கும் கேட்கும் என்பார்கள். அப்படி ஒரு தொண்டை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் ஏதோ ஒரு புனிதரின் பெயர் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் லெஃப்ட் அவுட். அந்தக் காலத்து ஹாக்கியில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். இடது ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிறவனுக்கு லெஃப்ட் அவுட் என்று பெயர். இப்போதைய கோச்சுகள் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். இந்திய ஹாக்கியின் எல்லாத் துன்பங்களுக்கும் அது ஒன்றே காரணம் என்பது அவருடைய கொள்கை. தோற்றால் லெஃப்ட் அவுட் இல்லாததால் தோற்றோம். ஜெயித்தால் லெஃப்ட் அவுட் இருந்திருந்தால் இன்னும் நாலு கோல் கூடுதலாகப் போட்டிருப்போம்.

தேசிய அணியின் பெயர்கள் வெளிவரும் நாளில், துக்கம் சொல்ல வருகிற முகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"சார், விஷயம் தெரியுமா?"

என் மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "யாரு தம்பி?" என்பாள்.

"டீம் எடுத்துட்டாங்கக்கா."

தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். நல்ல கைராசிக்காரர்தான். ஆனால் அவரை வீட்டுக்குள் விட்டால் ஃப்ரிட்ஜ் சரியாவதற்கு முன் இந்திய அணி சரியாக வேண்டும். ஒருமுறை எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டு, அதிலிருந்த முட்டைகளை எல்லாம் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினார். முன்னால் ஐந்து, பின்னால் மூன்று, அதற்கும் பின்னால் இரண்டு, கோலில் ஒன்று. பச்சைத் தொப்பியோடு ஒரு கத்தரிக்காய் ஓரமாக நின்றது. அதுதான் வெளிநாட்டுக் கோச்.

"இப்ப பாருங்க சார், இவன் இங்க வெட்டறான். பந்து யாருக்குப் போவணும்? லெஃப்ட் அவுட்டுக்கு. லெஃப்ட் அவுட் எங்க?"

உண்மையிலேயே காணோம். திரும்பிப் பார்த்தால் என் மனைவி அடுப்பில் வாணலியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அவனையா எடுத்தீங்க?"

"எல்லாம் ஒரே முட்டைதானே தம்பி?"

"இப்படித்தான் சார் செலெக்டருங்களும் சொல்றானுங்க!"

தேசிய அணிக்கு நம் ஊரில் பயிற்சி முகாம் நடந்தபோது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். வாட்ச்மேன் கன்னடக்காரர். "யாரு பேக்கு?" என்று கேட்டிருக்கிறார், அதாவது யார் வேண்டும் என்று. "கோச் பேக்கு" என்றார் இவர். "கோச் இல்லா, ஹோகி" என்று வாட்ச்மேன் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அதே நானூ ஹேளோது! கோச் இல்லா!" நானும் அதைத்தான் சொல்கிறேன், கோச்சே இல்லை என்று. ஒருவர் தகவலாகச் சொன்னதை இன்னொருவர் குற்றச்சாட்டாகச் சொன்னார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து டீ குடித்தார்களாம். அவர் கருத்தை எதிர்ப்பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அந்த வாட்ச்மேன்.

கோயிலிலும் இதே கதைதான். ஒரு ஞாயிறு பூசையில், மன்றாட்டுகள் முடிந்ததும், "வேறு யாராவது வேண்டிக்கொள்ள விரும்பினால் சொல்லலாம்" என்று சாமியார் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். லெஃப்ட் அவுட் எழுந்தார். "நம் ஹாக்கி அணியைத் தேர்வு செய்பவர்களுக்கு நல்ல கண்பார்வையும், கோச்சுக்குத் தாழ்ச்சியான மனமும் தந்தருள வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்." நூற்றுக்கணக்கான பேர் பழக்கதோஷத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முழங்கினார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் பீடத்துப் பூக்களைச் சரிசெய்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

இதுவரை சொன்னது ஊரறிந்த கதை. இனிச் சொல்வது நான் செய்தது.

எங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு ஹாக்கி கிளப் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற நான்தான் அதற்கு மேனேஜர். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் நானே. எங்களுக்கு என்று வந்த ஒரே ரசிகர் லெஃப்ட் அவுட். கேலரியின் மேல்படியில் உட்கார்ந்து, ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து முடிகிறவரை எனக்குப் புத்தி சொல்வார். முக்கியமாக எங்கள் ரைட் பேக் ஆல்வினைப் பற்றி. தங்கமான பையன். ஆனால் எதிராளி தாண்டிப் போய்க் கோல் போட்டுத் திரும்பி வரும்போதுதான் அவன் திரும்பத் தொடங்குவான்.

"ரைட் பேக்கை டிராப் பண்ணுங்க சார்! கேட்டுக்கு வாட்ச்மேன் போட்டா இதைவிட நல்லா நிறுத்துவான்!"

வருஷக்கணக்கில் கேட்டேன். இரண்டு சீசனுக்கு முன்னால் ஒரு தோல்விக்குப் பிறகு, எல்லோர் முன்னிலையிலும் என்னை, "சாருக்குப் பாடம் நடத்தத் தெரியும், டீம் எடுக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த மேட்ச்சுக்கு நீங்களே கோச். டீமையும் நீங்களே எடுங்க" என்றேன். பார்க்கிறவர்களுக்கு மரியாதை மாதிரி இருந்தது. மனதுக்குள் நான் நினைத்தது வேறு: பட்டால் தெரியும், அத்தோடு வாய் அடங்கட்டும்.

அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். "நெஜமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். முடி வெட்டிக்கொண்டார். கழுத்தில் ஒரு விசில் வந்தது.

முதல் வேலை ஆல்வினை நீக்குவது. "நேர்ல போய்ச் சொல்லணும் சார், அதான் மொறை" என்று கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். ஆல்வினின் அம்மா எங்களை உட்காரவைத்து, தட்டு நிறையக் கட்லெட் கொண்டுவந்து வைத்தார். லெஃப்ட் அவுட் ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்றையும் சாப்பிட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஆல்வின், அது வந்து... நாளைக்கு உன்னை டிராப் பண்ணலாம்னு இருக்கேன்ப்பா."

ஆல்வினின் முகம் விழுந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையைக் கூப்பிவிட்டார்.

"அய்யோ அண்ணே! இவன் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஆட்டோக்கு என்ன பண்றதுன்னு இப்பதான் பேசிட்டிருந்தோம். உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு!"

நம் ஊர்த் தமிழில் டிராப் பண்ணுவது என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுவதுதானே? அந்த அம்மாள் மேல் தப்பே இல்லை. லெஃப்ட் அவுட் ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் அம்மாவைப் பார்த்தான்.

"ஏழு மணிக்கு ரெடியா இருக்கேன் அங்கிள்," என்றான், மெதுவாக.

மாடிப்படியில் இறங்கும்போது நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பையனுக்குப் புரிஞ்சிடுச்சி சார். பாத்தீங்களா அவன் மூஞ்சியை?"

"சரி, அப்ப ஆல்வினை வச்சுக்குங்க. வேற யாரையாவது நீக்குங்க. அடுத்த வீட்டுக்குப் போலாமா?"

"வேணாம் சார். அவனுக்கும் அம்மா இருக்காங்க."

மறுநாள் காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஆல்வின் வந்து இறங்கினான். அன்று எங்கள் அணியில் யாருமே நீக்கப்படவில்லை. ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். அந்தச் சட்டத்தை இவர் அளவுக்கு யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒருவன் போய் நின்று மூச்சு வாங்குவதற்குள் அடுத்தவனை அனுப்புவார். உட்கார்ந்திருக்கிற பையனின் முகத்தைப் பார்த்தால் போதும், அவரால் தாங்க முடியாது. ஒரு கட்டத்தில் மைதானத்தில் எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அம்பயர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு சார் இங்க எக்ஸ்ட்ரா?"

"எக்ஸ்ட்ரா யாரும் இல்ல சார். எல்லாம் நம்ம பசங்கதான்."

எதிரணி கோல் மேல் கோலாகப் போட்டது. நான் கேலரியில், அவர் வழக்கமாக உட்காரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பு இல்லாமல் ஆட்டம் பார்ப்பது இத்தனை சுகமா என்று இருந்தது. அந்தச் சுகத்தில், எழுபதைத் தாண்டிய மனிதன், ஊரில் எல்லோரும் சார் என்று அழைக்கிறவன், எழுந்து நின்று இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தினேன்: "கோச்சை டிராப் பண்ணுங்கப்பா!"

கேலரி முழுவதும் சிரித்தது. கோட்டோரம் நின்றிருந்த அவர் திரும்பி, யார் என்று தேடினார். என்னைப் பார்த்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் விரும்பியது நடந்தது. வாய் அடங்கிவிட்டது. ஆட்டங்களுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. அதே மேல்படியில் உட்கார்ந்து, கடலை உரித்துத் தின்றுகொண்டு, மரியாதையாகக் கைதட்டினார். எத்தனை கோல் வாங்கினாலும், "நல்லா ஆடினாங்க சார்" என்றார். தேசிய அணியின் பெயர்கள் வெளிவந்த நாளில் என் வாசலுக்கு வரவில்லை. நானே தேடிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"டீம் பாத்தீங்களா? லெஃப்ட் அவுட்டே இல்ல," என்றேன், தூண்டில் போட்டு.

"எடுக்கறவங்களுக்குத்தான் சார் தெரியும் அந்தக் கஷ்டம். டிராப்புன்னா சும்மா ஒரு பேருன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்கு ஒரு மூஞ்சி இருக்குது சார்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கும் அந்த மௌனம் பிடிக்கவில்லை. "அங்கிள் கத்தாம தூக்கம் வருது சார்" என்றான் கோல்கீப்பர். இரண்டு சீசன் இப்படியே போயிற்று. கேலரியின் மேல்படியைப் பார்க்கும்போதெல்லாம், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நானே கீழே போட்டு உடைத்த மாதிரி இருந்தது.

போன மாதம் ஒரு சிநேகித ஆட்டம் வந்தது. பிள்ளைகளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, ஒரு அணியைத் தேர்ந்தெடுத்தேன். இந்த நகரத்தில் அதைவிடக் கேவலமான அணியை யாரும் எடுத்திருக்க முடியாது. சென்டர் ஃபார்வர்டைப் பின்னால் தள்ளினேன். பேக்குகளை முன்னால் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, இடது ஓரத்தில், அவருடைய அந்தப் புனிதமான இடத்தில், ஆல்வினை நிறுத்தினேன்.

ஆட்டம் தொடங்கியது. நான் மைதானத்தைப் பார்க்கவில்லை, மேல்படியைத்தான் பார்த்தேன். ஆல்வின் பந்தை விட்டுவிட்டு வெறும் மட்டையோடு கோடு தாண்டி ஓடினான். மேல்படியில் சத்தமில்லை. மறுபடி ஓடினான், வேறு திசையில். கடலை உரிக்கிற கை மட்டும் நின்றது. அவ்வளவுதான். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளையில் அவர் இறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"சார், காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க. தூக்குங்க சார். ம்ம்... இப்ப சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிங்க சார்! வாய் ஒரு பக்கம் கோணுதா பாக்கணும். அக்காவுக்கு ஃபோன் போடவா? இந்த டீமை நல்லா இருக்கற மனுசன் எடுக்க மாட்டான் சார்."

ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே மறு கையால் ஃபோனை எடுத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கத்தணும்னுதான் இப்படி எடுத்தேன். அன்னிக்கு நான் கத்தினது தப்பு. உங்களைக் கோச்சாப் போட்டதே வாயை அடைக்கத்தான். மன்னிச்சிடுங்க."

அவர் என் கையை விடவில்லை. மைதானத்தைப் பார்த்தார். வேர்க்க வேர்க்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆல்வினைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அதுக்காக..." என்று ஆரம்பித்தபோது அது வெறும் முனகலாகத்தான் இருந்தது. "அதுக்காக ஆல்வினையா சார் லெஃப்ட் அவுட்டுல போடுவீங்க?" என்று முடிந்தபோது, வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவனுக்கு எது லெஃப்ட்டுன்னே தெரியாது சார்! ஹாக்கின்னா உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

எதிரணி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அம்பயர் விசில் ஊதினார். எங்கள் பிள்ளைகள் ஒருவரும் நகரவில்லை, வட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆல்வின்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். லெஃப்ட் அவுட் இன்னும் முன்வரிசையைக்கூட முடிக்கவில்லை. நடுவரிசை, பின்வரிசை எல்லாம் பாக்கி இருந்தது. வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நான் தலையைக் குனிந்து நின்றேன், அவர் மூச்சு வாங்குவதற்காகக்கூட நிறுத்திவிடக் கூடாதே என்று.